சுறா எண்ணெயும் சிவப்பு எழுத்தும்

அத்தியாயம் 17

மரக்காணத்தில் முடி கொட்டினால் யாரும் காரணம் தேடிப் போவதில்லை. பழி சொல்லத் தண்ணீர் இருக்கிறது. கிணற்றில் இறைத்தாலும் உப்பு, பம்பில் அடித்தாலும் உப்பு. இந்த ஊருக்கு வாழ வந்த எந்தப் பெண்ணும் முதல் வருடத்திலேயே பாதி முடியைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒரு பேச்சு.

உம்மு சல்மாவும் ஆறு வாரமாகத் தண்ணீரைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். மகள் ஷாகிராவின் தலைக்கு மட்டும் நல்ல தண்ணீர் வேண்டுமென்று மூன்று மைல் தள்ளியிருந்த ஊரிலிருந்து சைக்கிளில் குடம் குடமாக வரவழைத்தாள். வெந்தயம் அரைத்தாள். செம்பருத்தி அரைத்தாள். எதற்கும் முடி நிற்கவில்லை. வகிட்டின் இரு பக்கமும் தோல் காய்ந்து, செதில் செதிலாக உரிந்து தோளில் விழுந்தது.

ஆனால் முகம்? முகம் வேறு கதை. பதினாறு வயதிலிருந்து சீழும் ரத்தமுமாய் இருந்த முகம் அது. அந்த முகத்தைப் பார்த்து இரண்டு இடம் தட்டிப் போனது. நான்கு மாதத்துக்கு முன் சவூதியில் தம்மாமிலிருந்து மகன் ஃபைசல், ஊருக்கு வந்த ஒருவர் கையில் ஆறு மாதத்துக்குக் காணும் அந்த மாத்திரைப் பெட்டியைக் கொடுத்தனுப்பினான். மூன்றே மாதத்தில் ஷாகிராவின் கன்னம் துடைத்து வைத்த பீங்கான் தட்டு மாதிரி ஆனது. ஃபைசலோடு ஒரே அறையில் தங்கியிருந்த கோட்டக்குப்பத்து உமைருக்குப் பேசி, போன மாதம் பெண் பார்த்து, உமைர் லீவில் வந்து ஒரு வாரமும் ஆகிவிட்டது. இன்று சாயங்காலம் பூ வைக்க வருகிறார்கள். பன்னிரண்டாம் நாள் நிக்காஹ்.

பூ வைப்பது என்றால் சரத்தைக் கொண்டையில் செருகிவிட்டுப் போவதில்லை. மாப்பிள்ளையின் சகோதரி, தான் கொண்டு வந்த புதுச் சீப்பால் பெண்ணின் பின்னலை அவிழ்த்து, வாரி, மறுபடி பின்னித்தான் பூ வைப்பாள்.

காலை ஐந்தரை மணிக்குச் சல்மா ஒரு ஒத்திகை பார்த்தாள். மகளின் பின்னலை அவிழ்த்துச் சீப்பை ஒரு தடவை இழுத்தாள். இழுத்த கை அப்படியே நின்றது.

"எவ்ளோ வந்துச்சும்மா?" என்றாள் ஷாகிரா, திரும்பாமல்.

"கொஞ்சம்தான்."

"கைய காட்டு."

சல்மா கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். "துப்பட்டியைப் போடு. ஆறே கால் பஸ்ஸுக்குப் பாண்டி போயிட்டு மத்தியானத்துக்குள்ள வந்துடலாம். ஒரு ஊசி போட்டா சாயங்காலம் வரைக்குமாவது நிக்கும்."

"அத்தா கேட்டா?"

"வளையல் வாங்கப் போறோம்."

பேருந்து கோட்டக்குப்பத்தைக் கடக்கும்போது இருவரும் துப்பட்டியை மூக்குவரை இழுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை ஊர். எந்தக் கடை வாசலில் யார் நிற்பார்களோ.

பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் எண்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்து, ஒன்பதே முக்காலுக்கு டாக்டர் ஜெயாவின் மேஜைக்கு வந்தார்கள். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண்மணி. ஷாகிராவின் உதட்டு வெடிப்பைப் பார்த்தார். இமையை இழுத்துப் பார்த்தார். தலைமுடியை விலக்கிப் பார்த்துவிட்டு, "என்ன மாத்திரை சாப்பிடறே?" என்றார்.

"தண்ணி சரியில்லீங்க. உப்பு," என்றாள் சல்மா.

"தண்ணியப் பத்தி நான் கேக்கலம்மா. மாத்திரை."

சல்மா பையிலிருந்து வெள்ளைத் துணி மூட்டையை எடுத்துப் பிரித்தாள். பெட்டி வந்தது.

"இதென்ன, நகை மாதிரி துணியில கட்டி வெச்சிருக்கீங்க?"

"அரபு எழுத்து இருக்குதுங்களே. கீழ வெக்கக் கூடாதுன்னு குர்ஆன் பக்கத்துல அலமாரியில வெச்சிருக்கேன்."

டாக்டர் பெட்டியைத் திருப்பினார். ஒரு பக்கம் முழுக்க அரபு. அதில் நான்கு வரி சிவப்பு. மறுபக்கம் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, அதில் ஃபைசலின் கையெழுத்தில், 'காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின். மறக்க வேண்டாம்.' டாக்டர் நகத்தால் அந்தத் தாளின் ஓரத்தைக் கிள்ளி உரித்தார். அடியில் ஆங்கிலம். அதிலும் நான்கு வரி சிவப்பு.

"இதை எந்த டாக்டர் எழுதிக் குடுத்தாரு?"

"எழுதலீங்க. என் புள்ளை அங்க மருந்துக் கடையில வாங்கினான்."

"நீங்க இந்த அரபு படிப்பீங்களா?"

"எழுத்தைக் கூட்டிப் படிப்பேங்க. ஆனா அர்த்தம் தெரியாது."

அது உண்மை. பெட்டி வந்த அன்றே சல்மா பிஸ்மில்லா சொல்லி அந்தச் சிவப்பு வரிகளைத் திக்கித் திக்கி வாய்விட்டு வாசித்தாள். குர்ஆனில் உள்ள உயிர்க்குறிகள் இல்லாத எழுத்து, பாதிதான் பிடிபட்டது. ஏதோ நல்ல வார்த்தை என்று நினைத்து மகளின் தலையில் ஊதியும் விட்டாள்.

"வேற என்ன குடுக்கறீங்க? டானிக், லேகியம், ஏதாவது?"

சல்மாவின் முகத்தில் கொஞ்சம் பெருமை வந்தது. "சுறா எண்ணெய் குடுக்கறேங்க. தினம் காலையில ரெண்டு ஸ்பூன். முடி வளரும்னு எங்களுக்கு மீன் கொண்டு வர்ற ஆராயி காய்ச்சிக் குடுத்தா. 'எங்க குப்பத்துல எவளுக்காவது தலை சொட்டையாயிருக்குதா பாரும்மா, எல்லாம் சுறா ஈரல்'னு சொன்னா. ஆறு வாரமா என் கையாலயே ஊத்தறேன். இவ வாந்தி எடுப்பா, மூக்கைப் புடிச்சு ஊத்திடுவேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, இந்த மாத்திரையே வைட்டமின் ஏ வகையில செஞ்சதுதான். சுறா ஈரல் எண்ணெய் முழுக்க வைட்டமின் ஏ. மாத்திரையே தோலைக் காயவெச்சு முடியக் கொட்டவெக்கும். அதுக்கு மருந்துன்னு அதையே இன்னொரு மடங்கு ஊத்தியிருக்கீங்க. தலைவலி இருந்திருக்குமே?"

"இருந்துச்சு," என்றாள் ஷாகிரா. "அம்மா உஷ்ணம்னாங்க."

"மூக்குல ரத்தம்?"

"வந்துச்சு. அதுக்கும் உஷ்ணம்னாங்க."

சல்மா மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வாரம். தினம் இரண்டு ஸ்பூன். பிஸ்மில்லா சொல்லி ஊற்றியது.

டாக்டரின் குரல் தணிந்தது. "முடி திரும்பி வரும். இன்னைக்கோட ரெண்டையும் நிறுத்துங்க. சுடுதண்ணி வேணாம், சீயக்காய் வாரத்துக்கு ஒரு தடவை போதும். செதிலைச் சொறியாதே, நகத்தை வெட்டிக்கோ. தேங்காய் எண்ணெய் தேய்ச்சு ஒரு மணி நேரம் ஊறவிட்டு அலசு. சீப்பு அகலப் பல்லா இருக்கட்டும், இழுத்துப் பின்னாதே. நாலஞ்சு மாசம் பொறுத்துக்கோ." நிறுத்தி, "கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார்.

"பன்னெண்டு நாள்ல," என்றாள் சல்மா.

டாக்டர் பெட்டியின் சிவப்பு வரிகளில் விரலை வைத்தார். "இங்க போட்டிருக்கறது இதுதான். இதைச் சாப்பிடறப்போ கர்ப்பமாகக் கூடாது. நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும் கூடாது. குழந்தை உருக்குலைஞ்சு பொறக்கும். மூளை, இதயம், காது, எது வேணாலும் கெட்டுப் போகலாம். மாப்பிள்ளைகிட்ட சொல்லிடுங்க. மறைக்காதீங்க."

பன்னிரண்டு மணிப் பேருந்தில் ஜன்னலோரம் ஷாகிரா. கடற்காற்று துப்பட்டிக்குள் புகுந்தது. பொம்மையார்பாளையம் தாண்டியதும் அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"சொல்லிடலாம்மா," என்றாள் ஷாகிரா.

"யாருகிட்ட?"

"அத்தாகிட்ட. அவரு அவங்ககிட்ட சொல்லட்டும்."

"உங்க அத்தாவா? கல்யாணப் பந்தலுக்குச் சொல்லியாச்சுன்னு ரெண்டு நாளா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காரு. பூ வெச்சுட்டுப் போகட்டும்டி. நிக்காஹ் முடிஞ்சப்புறம் நீயே மாப்பிள்ளைகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லு. படிச்ச புள்ளை."

"அப்ப அவருகிட்ட எப்படிச் சொல்றதும்மா? நிக்காஹ் அன்னைக்கேவா?"

சல்மா, பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வைத்த சவுரி, மகளின் முடி நிறத்தோடு ஒத்துப் போகுமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

நாலரை மணிக்கு வேன் வந்தது.

வாசலில் ஜவ்வாது போட்டுக்கொண்டு நின்ற ஷாகிராவின் அத்தா பஷீர் அஹமதுக்கு அன்று கால் தரையில் இல்லை. உப்பு லாரிகளுக்குச் சரக்குப் பிடித்துக் கொடுக்கும் மனிதர்; வெயிலில் கறுத்த முகம் சிரித்துச் சிரித்துச் சுருங்கியது. மாப்பிள்ளையின் மாமாவை முன் அறையில் உட்கார வைத்தார். பெண்கள் திரை தாண்டி உள்ளே வந்தார்கள். முன்னால் மாப்பிள்ளையின் தாய் ஜைத்தூன்பீ. நல்ல உயரம், கணீரென்ற குரல். பின்னால் பட்டுப்புடவையும் பழமும் வைத்த தாம்பாளத்தோடு இரண்டு உறவுக்காரப் பெண்கள். கடைசியாக, வயிற்றில் கை வைத்தபடி மெதுவாக மகள் முஸ்கான்.

"பஸ்ல வர்றதுக்குத்தான் இருந்தோம் சம்பந்தியம்மா," என்றாள் ஜைத்தூன்பீ, உட்காரும்போதே. "இவளுக்கு மூணு மாசம். குலுங்கக் கூடாதுன்னு வேன் புடிச்சேன். நாலு வருசம் கழிச்சு அல்லா கண்ணத் தொறந்திருக்கான்."

"மாஷா அல்லா," என்றாள் சல்மா.

பாயில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த ஷாகிராவின் தோள்கள் விறைத்ததை அவள் பார்த்தாள். சீப்புக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தாள்.

சீப்பு வந்தது. முஸ்கான் ஷாகிராவின் பின்னால் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்தாள். சவுரி அவள் கைக்கு வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு முறை வாரினாள். சீப்பின் பற்களில் கொத்தாக முடி. வெள்ளைச் செதில்கள் பச்சைப் பட்டு ரவிக்கையில் கொட்டின.

சல்மா முஸ்கானின் வாயையே பார்த்தாள்.

"என்னடி, வாரறதுக்கு இவ்ளோ நேரம்?" என்றாள் ஜைத்தூன்பீ எதிர்ப்பக்கத்திலிருந்து.

"அடர்த்தியா இருக்குதும்மா, சிக்கு எடுக்கணும்ல," என்றாள் முஸ்கான். முடிக்கொத்தைச் சீப்பிலிருந்து உருவித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். செதிலை முந்தானையால் தட்டிவிட்டாள். சவுரியை அடியில் வைத்து, இழுக்காமல், வலிக்காமல் பின்னி முடித்து மல்லிகைச் சரத்தைச் சுற்றினாள்.

அந்தப் பெண்ணின் காலைத் தொட வேண்டும் போலிருந்தது சல்மாவுக்கு.

சர்க்கரை ஊட்டினார்கள். சர்பத் வந்தது. ஜைத்தூன்பீ மருமகளாகப் போகிறவளின் தாடையை நிமிர்த்திப் பார்த்தாள். "போன மாசம் பார்த்ததைவிட இன்னும் நல்லா ஆயிடுச்சே மூஞ்சி! என் பொண்ணைப் பாருங்க, உண்டானதுல இருந்து மூஞ்சியெல்லாம் கட்டி. ஃபைசல் அனுப்புன மாத்திரைதானாமே? உமைர் சொன்னான். முஸ்கானுக்கு ரெண்டு பட்டை குடுங்களேன்."

"முடிஞ்சு போச்சுங்க," என்றாள் சல்மா. கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டாள்.

திரைக்கு அந்தப் பக்கம் பஷீர் அஹமதின் நாற்காலி நகர்ந்தது. "என்ன முடிஞ்சு போச்சுன்ற? மத்தியானம்கூட அலமாரியில பார்த்தேன். சம்பந்தி வீட்டுக்கு இல்லாததா?" திரையின் ஓரத்தில் அவர் கை நீண்டது. கையில் பெட்டியே இருந்தது. "ரெண்டு பட்டை என்ன, எல்லாத்தையும் எடுத்துக்கச் சொல்லு. ஃபைசலுக்கு ஒரு கடிதாசி போட்டா இன்னும் பத்துப் பெட்டி வரும்."

உறவுக்காரப் பெண் பெட்டியை வாங்கித் தாம்பாளத்தில், வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இன்று ராத்திரிக்குள் சாப்பிட மாட்டாள் என்று சல்மா தனக்குள் சொல்லிக்கொண்டாள். நாளைக்கே ஆள் அனுப்பிக் கேட்கலாம். பழைய மருந்து, வேறு தருகிறோம் என்று ஏதாவது. ஒரு ராத்திரிதானே.

"சாப்பாட்டுக்கு அப்புறம்தானே?" என்றாள் ஜைத்தூன்பீ. "இப்பத்தானே வயிறு நெறைய தின்னிருக்கா. நல்லதை எதுக்குத் தள்ளிப் போடணும்? ஒண்ணைப் போடுடி."

முஸ்கான் ஒரு பட்டையை எடுத்தாள். எதையோ கேட்பதுபோல ஷாகிராவை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பின்பக்கத்துத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தி மாத்திரையை உள்ளங்கையில் தட்டி, மறு கையால் சர்பத் டம்ளரை எடுத்தாள்.

"அம்மா!" என்றாள் ஷாகிரா.

சல்மா எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. முஸ்கானின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். டம்ளர் சாய்ந்து ரோஸ் நிறச் சர்பத் பாயில் ஓடியது.

"வேணாம்மா. வயித்துல புள்ளை இருக்குது. வேணாம்."

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. டாக்டர், சிவப்பு எழுத்து, ஒரு மாதம், சுறா எண்ணெய். சல்மா எதையும் விடவில்லை. சொல்லச் சொல்லத் தன் குரல் வேறு யாருடையதோ போல அவளுக்கே கேட்டது.

ஜைத்தூன்பீ சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இவ எப்ப நிறுத்துனா?"

"இன்னைக்கு."

"என் மவனுக்கு நாப்பத்தஞ்சு நாள் லீவு. ஒரு வாரம் போச்சு. நிக்காஹ் முடிஞ்சா இருபத்தாறு நாள். அதுல பதினெட்டு நாள் உங்க டாக்டரம்மாவுக்கு. மிச்சம் எட்டு நாள். அப்புறம் ரெண்டு வருசம் அவன் பாலைவனத்துல. இதை எப்ப சொல்றதா இருந்தீங்க?"

சல்மா தலைகுனிந்தாள்.

"எட்டு நாளைக்கூட விட்டுடறேன். தெரிஞ்சே பூ வெக்க விட்டீங்களே. அதை எங்க கொண்டு போய் வெக்கட்டும்?"

ஷாகிரா எழுந்தாள். பின்னலின் அடியில் கை கொடுத்து இழுத்தாள். சவுரியும் சரமும் ஒன்றாகக் கையோடு வந்தன. இரண்டையும் தாம்பாளத்தில் வைத்தாள்.

"இதையும் பாத்துக்கங்க மாமி. இனிமே மறைக்க ஒண்ணுமில்ல."

"பொண்ணுக்கு வாய் இருக்குது," என்றாள் ஜைத்தூன்பீ. அது பாராட்டா திட்டா என்று யாருக்கும் விளங்கவில்லை. "யோசிச்சு சொல்லி அனுப்பறோம்." தாம்பாளத்திலிருந்து சவுரியையும் மாத்திரைப் பெட்டியையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டு, சீப்பையும் பட்டுப்புடவையையும் துணியில் சுற்றினாள். உறவுக்காரப் பெண்கள் செருப்பைத் தேடினார்கள்.

வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் பஷீர் அஹமது திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா அந்தப் பெட்டியை நான் எடுத்துக் குடுத்திருப்பேனா? என்னைக் கோமாளியாக்கி நிக்க வெச்சுட்டியேடி, அந்த ஆள் முன்னாடி. ஒரு பொய் சொல்லத் தெரிஞ்சுதே, அந்தப் பொய்யை ஒழுங்கா முடிக்கத் தெரியல உனக்கு."

சல்மா அவரைப் பார்த்தாள். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவர் சொன்ன கசப்பான வார்த்தைகளில் இது முதலிடம் பிடிக்கும் என்று தோன்றியது. அதைவிடக் கசப்பு, அதில் பாதி உண்மை இருந்தது.

"அந்தப் பொண்ணு வாயில போட்டிருந்தா உங்களுக்குச் சம்மதமா?" என்றாள்.

வாசலில் யாரோ செருமினார்கள்.

முஸ்கான். வேனிலிருந்து இறங்கி வந்திருந்தாள். பஷீர் அஹமது முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

"பர்ஸை விட்டுட்டேன்னு சொல்லிட்டு வந்தேன் மாமி." அவள் கையில் பர்ஸ் இருந்தது. "ஏற்கனவே சாப்பிட்டிருந்தா, நிறுத்திட்டா சரியாயிடுமா?"

சல்மாவுக்குப் புரியச் சற்று நேரமானது. அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். ஷாகிரா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"போன மாசம் பொண்ணு பார்க்க வந்தப்போ கேட்டாங்கம்மா," என்றாள் ஷாகிரா. "ஒரு பட்டை குடுத்தேன். நாத்தனாரா வரப் போறாங்களேன்னு. மூணு மாசம்னு இன்னைக்குத்தாம்மா தெரியும்."

"எனக்கே அப்ப தெரியாது மாமி. நாள் தள்ளிப் போச்சுன்னு நெனச்சேன்," என்றாள் முஸ்கான். "சம்பந்தம் பேசி முடியறதுக்குள்ள பொண்ணு வீட்ல கை நீட்டுனியான்னு அம்மா திட்டுவாங்கன்னு மறைச்சுட்டேன்."

"எத்தனை?"

"பத்தும்."

பத்தும். டாக்டர் இதற்கு என்ன சொல்வார் என்று சல்மாவுக்குத் தெரியாது. அவர் சொன்னதெல்லாம் இனிமேல் ஆகப் போகிறதைப் பற்றி. ஆகிவிட்டதைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கும் என்று நினைக்கவுமில்லை. தன் மகளின் கொட்டிய முடியை ஊருக்குத் தெரியாமல் இடுப்பில் செருகி மறைத்த பெண், தன் எதிரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"நாளைக்கு என் கூட பாண்டிக்கு வா. டாக்டரம்மாகிட்ட காட்டிடலாம்."

"அம்மா விட மாட்டாங்க மாமி. உங்க வீட்டு வாசப்படியே மிதிக்கக் கூடாதுன்னு வேன்ல சொல்லிக்கிட்டிருக்காங்க. அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நாலு வருசம் கழிச்சு உண்டானது. என் மாமியாருக்குத் தெரிஞ்சா என்னை வெச்சிருக்க மாட்டாங்க. தயவு செஞ்சு சொல்லிடாதீங்க மாமி."

வேன் ஹாரன் அடித்தது.

சல்மா வாசற்படியிலிருந்து இறங்கினாள். "மாமி, வேணாம்," என்று முஸ்கான் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்தாள். சல்மா அந்தக் கையை மெதுவாக விடுவித்து, தன் கைக்குள் வைத்துக்கொண்டு, அவளையும் அழைத்துக்கொண்டே வேனை நோக்கி நடந்தாள்.

ஜன்னல் கண்ணாடி விலகியது. ஜைத்தூன்பீயின் முகம் தெரிந்தது.

"இன்னும் என்ன மிச்சம் இருக்குது சொல்றதுக்கு?" என்றாள்.